உப்புக் கம்மி என்றாராம்

பதினாறு நாளாகப் பூங்காவனம் செத்துப்போன மனிதருக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள். காஜா பெராங் வட்டாரத்தில் அது தெரியாதவள் ஒரே ஒருத்திதான். சமைத்தவள்தான் அவள்.

மளிகைக்கடை அப்துல் அஜீஸ் பாய்க்குத் தெரியும். பக்கத்து வீட்டு மஜீதாவுக்குத் தெரியும். பால்காரனுக்குத் தெரியும். செட்டிக் கம்பத்திலிருந்து கூடையில் பலகாரம் கொண்டுவருகிறவளுக்கும் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? மாணிக்கவாசகம் முப்பது வருஷம் நகராட்சிக்காகத் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். இங்கிருந்து தெங்கேரா வரைக்கும் அவர் குனிந்து பார்க்காத குழாயடி கிடையாது. அத்தனை வீட்டுக்காரர்களும் அவர் சாவுக்குப் போய், தலை முழுகி, திரும்பி வந்து, அவர் பெற்ற மகளிடமே, "அப்பாவுக்கு இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார்கள். அப்படிக் கேட்க மனசு எப்படி வந்தது என்கிறீர்களா? நல்ல மனசோடுதான் கேட்டார்கள் ஐயா. கெட்ட மனசோடு கேட்டிருந்தால் இந்தக் கதையைச் சொல்லவே வேண்டியிருக்காது.

விஷயம் இதுதான். பூங்காவனத்துக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. முதலாவது ஆறாம் மாதம், இரண்டாவது ஏழாம் மாதம். இரண்டையும் பேர் வைக்காமலே கொண்டுபோய்ப் புதைத்தார்கள். பேர் இல்லாத பிள்ளையை என்னவென்று சொல்லி அழுவது? "என் கண்ணே" என்று அழுதாள். அடுத்த வருஷம் இரண்டாவதுக்கும் அதே கண்ணேதான். அதை நினைத்து அவள் தனியாக ஒருதரம் அழுதாள்.

மூன்றாவது தங்கியதும் மாணிக்கவாசகம் மகளிடம் சொன்னார்: "இதுக்கு நான் பேரு வைக்கிறேன். இப்பவே யோசிச்சு வெச்சிடறேன். முப்பதாம் நாளு நானே காதுல சொல்றேன்." மனைவி சிவகாமசுந்தரி ஜப்பான்காரன் காலத்துக் காய்ச்சலில் போன பிறகு, மகனையும் மகளையும் தனியாக நின்று ஆளாக்கிய மனிதர். அதிகம் பேசமாட்டார். சொன்னால் செய்வார். அதனால் பூங்காவனம் அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டாள். அப்பா பேர் வைத்துவிட்டால் இந்தப் பிள்ளை நின்றுவிடும் என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள்.

ஆகஸ்டு பிறந்ததும் அவருக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றைக்கு, வாசலில் பெச்சா என்கிற மூன்று சக்கரச் சைக்கிள் வண்டி மணி அடித்துக்கொண்டிருக்க, மூச்சு வாங்க நின்று சொன்னார்: "பேரு இன்னும் முடிவு பண்ணலம்மா. பண்ணினதும் மாப்பிள்ளகிட்டச் சொல்லி அனுப்பறேன். நீ அங்கெல்லாம் வராத. ஆஸ்பத்திரிக் காத்து ஆகாது."

மருத்துவச்சியும் அதையேதான் சொன்னாள். ஏழாம் மாதம், பஸ் குலுக்கல் கூடாது, நடை கூடாது, அதிர்ச்சி ஆகவே ஆகாது. ஆகையால் பூங்காவனம் வீட்டிலிருந்து சமைத்தாள். புருஷன் ராஜரத்தினம் பஸ் கண்டக்டர். அவன் வேலை பார்க்கிற பஸ் ஆஸ்பத்திரி வழியாகப் புக்கிட் பாருவுக்குப் போகும். பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்து அடுக்குத்தூக்கை வாங்கிப் போவான். சாயங்காலம் காலியாகக் கொண்டுவருவான். கூடவே அப்பா சொன்ன வார்த்தை ஏதாவது கொண்டுவருவான். அந்த வார்த்தைக்காகத்தான் அவள் நாலு மணியிலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

முதல் எட்டு நாள் பெரிதாக ஒன்றும் வரவில்லை. "சாப்பிட்டாரு." அவ்வளவுதான். பேர்? "யோசிக்கிறாராம்."

ஒன்பதாம் நாள், பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, மாணிக்கவாசகம் கண்ணை மூடிவிட்டார். மகன் பொன்னுதுரை புக்கிட் பாருவில் இருந்த தன் வீட்டுக்கே உடலை எடுத்துப்போய் எல்லாக் காரியத்தையும் அங்கேயே முடித்தான். பூங்காவனத்துக்குப் பிள்ளை பிறக்கிறவரை மூச்சுவிடக் கூடாது என்று பேசி வைத்துக்கொண்டார்கள். தலை மொட்டையாகிவிட்டதால் தங்கை கண்ணில் அவன் படவேயில்லை. மூவாரில் வேலையாக இருக்கிறான் என்றார்கள். சுவரில் இருந்த அப்பா படத்தை, சட்டத்தைப் பூச்சி அரிக்கிறது, மாற்ற வேண்டும் என்று சொல்லி ராஜரத்தினம் கழற்றிக்கொண்டு போனான். அவள்தான் ஸ்டூலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

சாப்பாட்டை என்ன செய்வது? அதற்கும் ஒரு வழி கண்டார்கள். கருமாதி வரைக்கும் தினம் அப்பா படத்துக்குப் படைக்கத்தானே வேண்டும்? மகள் கையால் ஆக்கினது, வீணாக்குவானேன்? ராஜரத்தினம் தூக்கை ஆஸ்பத்திரியில் இறக்காமல் அப்படியே புக்கிட் பாருவுக்குக் கொண்டுபோனான். இலையில் வைத்து, சூடம் காட்டி, பிறகு வீட்டில் இருந்தவர்கள் சாப்பிட்டார்கள்.

அன்றிலிருந்துதான் வார்த்தை நிறைய வர ஆரம்பித்தது.

"டாக்டர் கவுச்சி வேணாம்னுட்டாரு, காய்கறியாவே ஆக்கிடு" என்றான். சரி என்றாள். "ரசம் நல்லாருந்துச்சாம்." அதற்கடுத்த நாள், "உப்புக் கொஞ்சம் கம்மின்னாரு."

பூங்காவனத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. போட்டதைத் தின்று கை கழுவிப் போகிற மனிதர், ஆயுசில் ஒரு நாள் சாப்பாட்டைப் பற்றிப் பேசியதில்லை. அவர் உப்புக் கம்மி என்கிறாரென்றால் நாக்கு திரும்பிவிட்டது என்றுதானே அர்த்தம்! வேலியோரம் ஓடிப்போய், "மஜீதாக்கா, எங்கப்பாவுக்கு ருசி தெரியுதாம்!" என்று கத்தினாள். ஓடாதே என்று மருத்துவச்சி சொன்னதுகூட மறந்துபோயிற்று. மஜீதா, "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போனவள் அன்று முழுக்க வெளியே வரவில்லை.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மெர்டேக்கா அன்று ஊரே வெடியும் கொடியுமாக இருந்தது. பாய் கடை ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தார். சாயங்காலம் வந்த ராஜரத்தினம், "வார்டுல ரேடியோ வெச்சாங்க. அப்பா கேட்டுட்டுச் சிரிச்சாரு, 'வெள்ளக்காரன் மீட்டர இனிமே நம்மாளே பாப்பான்'னாரு" என்றான். எவ்வளவு அழகாகச் சொன்னான்! பொய்யிலும் ஒரு கைப்பக்குவம் வந்துவிட்டது அவனுக்கு. பூங்காவனம் அதைத் தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள். சிலர் சிரிக்கவும் செய்தார்கள்.

"பேரு சொன்னாரா?" என்று மட்டும் தினம் கேட்பாள். "யோசிக்கிறாரு" என்பான்.

அப்பா போன பதினைந்தாம் நாள் சாயங்காலம் ராஜரத்தினம் தலையைக் குனிந்தபடி சொன்னான்: "நாளைக்கு மீன் ஆக்கலாமாம். அவருக்குப் பிடிச்சதா."

"டாக்டர் சொல்லிட்டாரா?"

"ம்."

கருமாதிக்கு அவருக்குப் பிடித்த கவுச்சி இலையில் விழ வேண்டும். அதற்குத்தான் கேட்டான். ஆனால் அவள் காதில் விழுந்தது வேறு. அப்பா எழுந்துவிட்டார். மீன் சாப்பிடுகிற ஆளை எதற்கு ஆஸ்பத்திரியில் வைத்திருக்கப் போகிறார்கள்?

காலையிலேயே மஜீதாவின் மகளைப் பாசாருக்கு அனுப்பித் திருக்கை மீன் வாங்கிவரச் சொன்னாள். மாணிக்கவாசகம் தெங்கேராவில் மீட்டர் பார்க்கப் போகிற நாளெல்லாம் ஒரு மலாய்க்கார அம்மா கடையில் சாப்பிட்டு வருவார். திருக்கையை வெண்டைக்காயோடு போட்டு, புளிப்பும் காரமுமாக வைத்த குழம்பு. அவருக்காகவே பூங்காவனம் அதைக் கற்றுக்கொண்டாள். அன்று பாடிக்கொண்டே சமைத்தாள். உப்பை இரண்டு தரம் நாக்கில் விட்டுப் பார்த்தாள். குழம்பு இறங்கியபோது மணி பத்துகூட ஆகவில்லை. புருஷன் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

மீனுக்கு அனுமதி வந்துவிட்டதென்றால் மகள் போய்ப் பார்ப்பதற்கு என்ன? பெச்சாவில் மெல்லப் போகச் சொன்னால் குலுக்காது. பேரை நேரிலேயே கேட்டுவிடலாம்.

புடவை மாற்றிக்கொண்டு தூக்கோடு பாய் கடை முன்னால் வந்து நின்றாள். அப்துல் அஜீஸ் துலாக்கோலை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தார்.

"எங்க தங்கச்சி?"

"அப்பாவப் பாக்கத்தான் பாய். ஒரு பெச்சா கூப்பிடுங்க."

"இன்னிக்கி வேணாம்மா. வெயிலா இருக்கு. மாப்பிள வரட்டும்."

"வெயிலு என்னா பாய் வெயிலு! நான் போயி நின்னா எங்கப்பா எந்திரிச்சு உக்காந்துருவாரு, பாருங்க."

பாய் தெருக்கோடியில் ராஜரத்தினம் வருகிறானா என்று பார்த்தார். அந்த மனிதர் பொய் சொல்லிப் பழகியவர் அல்ல. சும்மா இருந்தே பதினைந்து நாளை ஓட்டியவர். அதற்குள் அவளே கையைத் தட்டி ஒரு சீனர் வண்டியை நிறுத்தி ஏறிவிட்டாள். வண்டியின் முகப்பில் சின்னக் காகிதக்கொடி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் பன்னிரண்டாம் நம்பர் கட்டிலில் ஒரு வயதான சீனர் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். பூங்காவனம் நம்பரை இன்னொரு தரம் பார்த்தாள். தரை துடைத்துக்கொண்டிருந்த தமிழம்மா நிமிர்ந்தாள்.

"யாரும்மா வேணும்?"

"மாணிக்கவாசகம். தண்ணி மீட்டர் பாக்கறவரு. கட்டில மாத்திட்டாங்களா?"

"அவரு தவறிட்டாரேம்மா. ரெண்டு வாரமாச்சே. ஞாயித்துக்கெழம, விடியறதுக்கு முன்னாடி. மகன் வந்து எடுத்துட்டுப் போனாரு." அந்த அம்மாவுக்கு மறைக்க என்ன இருக்கிறது? இந்த ஊரில் பூங்காவனத்திடம் உண்மை சொன்ன முதல் ஆள் அவள்தான். வயிற்றையும் தூக்கையும் பார்த்துவிட்டு, "நீ யாரும்மா?" என்றாள்.

மகள் என்று சொல்லப் பூங்காவனத்துக்கு வாய் எழவில்லை. "சாப்பாடு கொண்டாந்தவ" என்றாள்.

வண்டியில் ஏறி உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினாள். ஞாயிறு பதினெட்டு. இன்றைக்குப் பதினாறாம் நாள். மீன் எதற்கென்று விளங்கியது. படம் எங்கே போனதென்று விளங்கியது. அண்ணன் மூவாரில் என்ன செய்கிறான் என்பதும் விளங்கியது. வண்டிக்காரரிடம் புக்கிட் பாரு என்றாள். மேட்டில் அவர் இறங்கித் தள்ளியபோதும் மடியிலிருந்த தூக்கை அவள் கீழே வைக்கவில்லை. அழுகை வரும் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. அதற்கு முன்னால் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது.

பொன்னுதுரை வீட்டு வாசலில் சின்னப் பந்தல். பத்துப் பதினைந்து பேர். அண்ணி சாரதாம்பாள்தான் முதலில் பார்த்தாள். "ஐயையோ! புள்ளத்தாச்சி இங்க வரக்கூடாது, வெளியிலயே நில்லு!" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"எங்கப்பா வீட்டுக் காரியத்துக்கு நான் வரக்கூடாதா அண்ணி? சமைச்சு மட்டும் அனுப்பணுமா?"

கையைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். கூடத்தில் அப்பா படம், மாலையோடு. சட்டம் அதே பழைய சட்டந்தான். பூச்சி அரித்த தடம் ஒன்றுகூட இல்லை. முன்னால் தலைவாழை இலை, சோறு, வடை, பாயசம். நடுவில் மீனுக்கு இடம் விட்டிருந்தார்கள். பொன்னுதுரை எழுந்து நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்து மொட்டைத் தலையை மூடினான். இந்நேரத்துக்கு மேல் எதை மூடி என்ன ஆகப்போகிறது!

எல்லாரும் அவள் விழுந்து அழப்போகிறாள் என்று தயாராக நின்றார்கள். அவள் கேட்டது வேறு.

"உப்புக் கம்மின்னது யாரு?"

பொன்னுதுரை மனைவியைப் பார்த்தான்.

"கேக்கறேன்ல! எங்கப்பா சொல்லல. அப்ப யாரு சொன்னது?"

சாரதாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான்தான் பூவு. சாப்பிடறப்ப பேச்சுவாக்குல சொன்னேன். ஒன் வீட்டுக்காரரு காதுல விழுந்துருக்கு."

"ரசம்?"

"எங்க சின்னவன் சொன்னான்" என்றான் பொன்னுதுரை.

பூங்காவனம் தூக்கை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அப்பா சொன்னதாக நினைத்து அவள் அரிசி கழுவும்போதும் படுக்கையிலும் சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தைகள்! அண்ணியின் பேச்சுவாக்கையும் அண்ணன் பிள்ளையின் உளறலையும் சேர்த்துவைத்து அவள் ஓர் அப்பாவைக் குணமாக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நாங்களா செய்யல பூவு" என்றான் பொன்னுதுரை. "அப்பாதான் சொன்னாரு. சனிக்கெழம என்னையும் மாப்பிளயையும் கூப்பிட்டு, 'மூணாவதையும் என் சாவு தூக்கிட்டுப் போயிடக் கூடாது. புள்ள பொறக்கற வரைக்கும் அவகிட்ட மூச்சு விடாதீங்க'ன்னு கையில அடிச்சுச் சத்தியம் வாங்கினாரு. நான் என்னா செய்ய?"

அவள் படத்தைப் பார்த்தாள். ஊர் ஏமாற்றிற்று, சரி. புருஷன், அண்ணன், சரி. கடைசியில் ஓடிப்போய்ச் சொல்லி அழ ஓர் ஆள் இருந்தார். அவரும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தர் என்கிறார்கள். "என்கிட்டச் சொல்லிட்டுப் போயிருக்கலாமேப்பா" என்றாள். "ரெண்டு புள்ளயப் பொதச்சவ நான். இதத் தாங்க மாட்டேனா?"

அந்நேரம் வாசலில் சைக்கிள் சாய்ந்து விழுகிற சத்தம் கேட்டது. ராஜரத்தினம் காக்கி உடுப்போடு மூச்சு இரைக்க ஓடிவந்தான். வீட்டுக்குப் போய்ப் பார்த்து, பாய் சொல்லி, ஆஸ்பத்திரியில் விசாரித்து, அங்கிருந்து மிதித்து வந்திருக்கிறான்.

"பூவு, முதல்ல உக்காரு. வயித்துல..."

"நீ பேசாத." கல்யாணமான ஆறு வருஷத்தில் அவனை அவள் நீ என்றது அதுதான் முதல் தடவை. "ரேடியோ கேட்டுச் சிரிச்சாருன்னு சொன்னியே, எங்கப்பன எரிச்ச கையோட வந்து சொன்னியே. அழ வேண்டிய நாளெல்லாம் என்னப் பாட்டுப் பாடிக்கிட்டுச் சமைக்க வெச்சியே!"

ராஜரத்தினம் அழுதான். பஸ்ஸில் நூறு பேரை அதட்டுகிற ஆண்பிள்ளை, எல்லார் முன்னாலும் அழுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன்னிடம் மிச்சமிருந்த ஒன்றை எடுத்து வைத்தான்.

"அப்பா பேரு சொன்னாரு பூவு. சனிக்கெழம சாயங்காலம். பொண்ணுதான் பொறக்கும், சிவகாமசுந்தரின்னு வைக்கச் சொல்லுன்னாரு."

இது சத்தியமான வார்த்தை. கதை சொல்லுகிறவன் நான் சொல்கிறேன், நம்புங்கள். மூச்சுக்கு மூச்சு நிறுத்தி, மருமகன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மாணிக்கவாசகம் கடைசியாகக் கோத்துச் சொன்ன வாக்கியம் அதுதான்.

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"சொல்லிட்டா நீ காத்திருக்கறதுக்கு ஒண்ணும் இல்லாமப் போயிடும். நேர்ல போவணும்ப. பேரு வருது வருதுன்னுதான் உன்ன வீட்டுல உக்கார வெச்சேன்."

"ஆமா பூவு, நானும் பக்கத்துல இருந்தேன்" என்றான் பொன்னுதுரை. "நானும் கேட்டேன்" என்றாள் சாரதாம்பாள். மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். பதினாறு நாளும் இப்படித்தான் ஒரே குரலில் சொன்னார்கள்.

"எங்கம்மா பேர யாரு வேணும்னாலும் சொல்லலாம்" என்றாள் பூங்காவனம். "என்ன அமத்தணும்னா நானே அந்தப் பேரத்தான் சொல்லியிருப்பேன்."

சாரதாம்பாள் மெல்லத் தூக்கை வாங்கக் கையை நீட்டினாள். பூங்காவனம் கொடுக்கவில்லை.

"அப்பா பசியோட போகக் கூடாதும்மா" என்றான் பொன்னுதுரை.

"இது உசுரோட இருக்கறவருக்கு ஆக்கினது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, காத்துக்கொண்டிருந்த பெச்சாவில் ஏறினாள். இலையில் மீனுக்கு விட்ட இடம் காலியாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டுக்கொண்டாள். மஜீதா தட்டினாள், பாய் வந்து நின்றார், திறக்கவில்லை. குழம்பு தூக்கிலேயே கெட்டுப்போயிற்று. பிறகு அழுதாள். "அப்பா" என்று பேர் சொல்லி அழ இந்தத் தடவை ஆள் இருந்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். செய்தி தெரிந்தும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. நவம்பரில் நல்லபடியாகப் பிறந்தது, பெண். மறைத்து வைத்ததால்தான் தங்கியது என்று தெருவில் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். ஏழாம் மாதமே அவளுக்குத் தெரிந்துவிட்டதே, அப்படியானால் அந்தப் பதினாறு நாள் எதற்கு என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. பூங்காவனம் பார்த்தாள்.

புருஷனோடு அவள் சண்டை போடவில்லை. மறுபடியும் நீங்கள் என்றே கூப்பிட்டாள். சமைத்துப் போட்டாள். அவனும் அதற்குப் பிறகு உப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை.

முப்பதாம் நாள் வந்தது. பொன்னுதுரை குடும்பத்தோடு வந்திருந்தான். தலையில் மயிர் முளைத்திருந்தது. பேரைக் காதில் சொல்லப் பிள்ளையின் தகப்பன் குனிந்தான். பூங்காவனம் உள்ளங்கையால் பிள்ளையின் காதை மூடினாள்.

"சிவகாமசுந்தரின்னே வைங்க. எங்கம்மா பேரு, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். "ஆனா யாரு வெச்ச பேருன்னு முதல்ல சொல்லுங்க. எங்கப்பா பேர இழுக்காம சொல்லுங்க."

ராஜரத்தினம் அவளைப் பார்த்தான். மாமனார் பிடித்த மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டான்.

"நான் வெச்ச பேருதான் பூவு" என்றான்.

அவள் கையை எடுத்தாள். அவன் சொன்னதில் அது ஒன்றைத்தான் அவள் நம்பினாள்.